யோவான் செடி

காலை ஆறு இருபது. ரீபா ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

துடைத்த இடத்தில் எபனேசரின் நெற்றி தெரிந்தது. துண்டு உதடு வரை வருவதற்குள் நெற்றி மறுபடியும் மங்கிவிட்டது. வெளியே டிசம்பர் மழையின் ஈரம். உள்ளே ஐஸ். ஒன்றரை நாளாக இதே வேலை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இறந்தவனை வியாழக்கிழமை வரை வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் நர்ஸாக இருக்கும் அவன் அக்கா கெசியா வர வேண்டும். அக்கா வரட்டும் என்று முதலில் சொன்னவர் சபை மூப்பர். பிறகு எல்லாரும் சொன்னார்கள். ரீபாவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் அதைத்தான் சொல்லியிருப்பாள். கேட்டிருக்கலாம்.

ஜெபகனி வந்தாள். எபனேசரின் சித்தி. மில் குடியிருப்பில் அடுத்த வரிசையில் வீடு.

“வள்ளியூர்ல நிறுத்தி போன் போட்டாளாம். களக்காடு வழியா வாரா. எட்டு மணிக்குள்ள வந்துருவா. நல்லாத் தொடச்சி வையி. வந்ததும் தம்பி முகத்தப் பாக்கணும்லா.”

“தொடச்சிக்கிட்டுத்தான் இருக்கேன் அத்த.”

“காப்பி குடிச்சியா?”

“குடிச்சேன்.”

“பொய் சொல்லாத. டம்ளர்ல ஆடை படிஞ்சு அப்படியே கெடக்கு.”

ஜெபகனி வாசலைப் பார்த்தாள். பந்தலுக்குக் கீழே அவள் கணவர் அப்பாத்துரை நாற்காலியில் இருந்தார்.

“இவரப் பாரு. துட்டி கேக்க வந்தவன்லாம் ரோட்டப் பாத்து உக்காந்திருக்கான். இவரு செவுத்தப் பாத்து உக்காந்திருக்காரு. வீட்லயும் இதேதான். ஒரு வருசமா நான் செவுத்துக்குப் பொண்டாட்டியா இருக்கேன்.”

மில்லிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் அப்பாத்துரை அப்படித்தான். அதே வருஷம் அவருக்குக் காலில் ரத்தம் உறைந்து கட்டியது. உறையாமல் இருக்க எபனேசர் சாப்பிடும் அதே ரத்த மாத்திரையை அவருக்கும் எழுதிக் கொடுத்தார்கள்.

ஜெபகனி போன பிறகு ரீபா துண்டைப் பிழிந்தாள். மறுபடியும் நெற்றியிலிருந்து ஆரம்பித்தாள்.

எபனேசர் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். முப்பத்தொன்றாவது வயதில் மெட்ராஸில் நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றினார்கள். அப்போது ரீபா நாலு மாசம் முழுகாமல் இருந்தாள். படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று அம்மா வீட்டில் வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளை தங்கவில்லை. அதற்குப் பிறகும் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் இருந்தது கெசியா. இரண்டு மாச லீவு போட்டு வந்து இருந்தாள்.

“கண்ணு முழிச்சதும் அக்கா முகத்தத்தான் பாத்தேன்” என்று எபனேசர் எல்லாரிடமும் சொல்வான். சட்டைப் பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டிக்கொண்டு சொல்வான். பதிமூன்று வருஷமாகச் சொன்னான். அவன் கண்ணு என்று ஆரம்பித்ததும் ரீபாவுக்கு அடுப்படியில் வேலை வந்துவிடும்.

அவளுக்கென்று இருந்தது மாத்திரை. வால்வில் ரத்தம் உறையாமல் இருக்க ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு மாத்திரை. அதை அவள் தன் கையால்தான் கொடுப்பாள். ஒரு நாள் தவறியதில்லை. மாசத்தில் முதல் சனிக்கிழமை ரத்தம் பார்க்கப் பாளையங்கோட்டைக்குப் போவார்கள். திரும்பும்போது சேரன்மகாதேவி வருவதற்குள் அவன் அவள் தோளில் தூங்கிவிடுவான். பஸ் குலுங்கும். அவள் தோளை அசைக்க மாட்டாள். அம்பாசமுத்திரத்தில் இறங்கும் கூட்டம் அவளைப் பார்த்துக்கொண்டே போகும். பார்க்கட்டும் என்று இருப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனை அது பிடித்தது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. வேலைக்குப் போவான். வருவான். சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்காருவான். குழாயில் தண்ணீர் வந்தால் வாளி நிறைந்து வழிவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். கோயில் பாடகர் குழுவில் பதினெட்டு வருஷமாகக் கீழ்க்குரல் பாடியவன், போவதை நிறுத்தினான்.

மனநல டாக்டரிடம் போக அவனைச் சம்மதிக்க வைக்க ரீபாவுக்கு மூன்று மாசம் ஆனது. அவர் கொடுத்த மாத்திரையில் நாக்கு மரக்கட்டையாகப் போகிறது என்று பன்னிரண்டாம் நாள் விட்டான். குருவானவர் வந்து ஜெபித்தார். கடைசியில் அம்பாசமுத்திரத்தில் நூர்முகம்மது நாட்டு மருந்துக் கடையில் கேட்டாள்.

“வல்லாரைய அரைச்சுக் குடும்மா. வெறும் வயித்துல. ஒரு மண்டலம் விடாமக் குடு. புத்தி தெளியும்.”

ஒரு மண்டலத்துக்குப் பிறகும் கொடுத்தாள். விடியும் முன்னே வாய்க்கால் கரையில் போய்ப் பறிப்பாள். அம்மியில் அரைத்து மோரில் கலக்கிக் கொடுப்பாள். அவன் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் தருவான்.

“எப்படி இருக்கு?”

“அப்படியேதான் இருக்கு.”

ஒரு வருஷம்.

இந்த ஆகஸ்டில் கெசியாவிடமிருந்து பார்சல் வந்தது. மூன்று பாட்டில். மேலே மஞ்சள் பூ போட்டிருந்தது. கூடவே கடிதம். எபனேசர் அதை இரண்டு தடவை சத்தமாக வாசித்தான். ‘இது யோவான் ஸ்நானகன் பேரில் உள்ள செடி, தம்பி. அவருடைய திருநாள் சமயத்தில் பூக்குமாம். இங்கே பலசரக்குக் கடையிலேயே விற்கிறார்கள். டாக்டர் சீட்டு வேண்டாம். பச்சிலைதானே, ஒன்றும் செய்யாது. என்னோடு வேலை பார்க்கிற மூன்று பேர் சாப்பிடுகிறார்கள்.’

“பாத்தியா ரீபா? யோவான் பேர்ல உள்ளது.”

“நம்ம டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு ஆரம்பிப்பமா?”

“அக்காவே நர்ஸு. அவளுக்குத் தெரியாததா இவருக்குத் தெரிஞ்சிரப் போவுது?”

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

அக்டோபரில் ஒரு காலை, குளிக்கும் அறைக்குள்ளிருந்து பாட்டு வந்தது. பாட்டின் மேல்வரிசை இல்லை. கீழ்க்குரல் மட்டும். ரீபா வல்லாரை அரைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. சந்தோஷம்தான். வாய்விட்டு அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷம். அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அதற்கு அவள் பேர் வைக்கவில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான்.

“அக்கா மருந்து நல்லாக் கேட்டுருச்சு ரீபா.”

அவள் டம்ளரோடு நின்றாள். “அப்ப இது?”

“கொண்டா, குடிச்சிருதேன். மெனக்கெட்டு அரைச்சிட்டல்லா.”

டிசம்பர் நாலாம் தேதி, முதல் சனிக்கிழமை, பாளையங்கோட்டையில் டாக்டர் சீட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். எபனேசர் வெளியே கம்பவுண்டரிடம் பேசிக்கொண்டிருந்தான்.

“ரத்தம் உறையுத வேகம் கூடியிருக்கே. மாத்திரை விட்டுப்போச்சா?”

“ஒரு நாள்கூட விட்டதில்ல டாக்டர். நானேதான் கையில குடுக்கேன்.”

“கீரை நெறைய சாப்பிடுதாரா?”

“வல்லாரை அரைச்சுக் குடுக்கேன்.”

டாக்டர் சிரித்துவிட்டார். “அதான் ஆள் இப்படித் தெளிஞ்சிருக்காரா? ஆறு மாசத்துக்கு முன்னால இந்த நாற்காலில வாயத் தொறக்காம இருந்த மனுசன். இன்னைக்கு என்கிட்ட கிரிக்கெட் ஸ்கோர் கேக்காரு. கெட்டிக்காரிம்மா நீங்க.”

ரீபாவுக்குக் காது வரை சூடேறியது.

“வேற எதுவும் மருந்து குடுக்கியளா?”

கதவுக்கு வெளியே எபனேசர் எதற்கோ பெரிதாகச் சிரித்தான்.

“இல்ல டாக்டர்.”

மாத்திரையில் கால் பங்கு கூட்டி எழுதினார். கீரையால்தான் இருக்கும், வல்லாரையை நிறுத்துங்கள் என்றார். பதினைந்து நாளில் மறுபடி ரத்தம் பார்க்க வரச் சொன்னார். திரும்பும்போது எபனேசர் தூங்கவில்லை. பாடகர் குழுவில் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு மறுபடியும் சேர்ந்திருப்பதைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் விக்கிரமசிங்கபுரம் வரை சொல்லிக்கொண்டு வந்தான். ரீபா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

பத்தாவது நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவன் தண்ணீர் கேட்டான். கேட்ட வார்த்தை பாதியில் கோணியது. வலது கை சோற்றில் விழுந்து அப்படியே கிடந்தது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குக் கார் வந்தது. கெசியா புடவைக்கு மேல் கம்பளிக் கோட்டுப் போட்டிருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. முப்பது மணி நேரம் உட்கார்ந்தே வந்த கால். செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராகப் பெட்டிக்கு வந்தாள். கூட்டம் விலகியது. ரீபாவும் விலக வேண்டியிருந்தது.

கெசியா கத்தி அழவில்லை. இரண்டு உள்ளங்கையையும் கண்ணாடியில் வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். கையை எடுத்தபோது, கை இருந்த இடத்தில் மட்டும் மங்கல் இல்லை. எபனேசரின் முகம் பளிச்சென்று தெரிந்தது. ரீபா துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“தம்பி” என்றாள் கெசியா. “அக்கா வந்துட்டேன்லே.”

அப்போதுதான் பெண்கள் எல்லாரும் அழுதார்கள். ஒன்றரை நாளாக வராத அழுகை.

பிறகு கெசியா ஒவ்வொருவர் கையையும் பிடித்துப் பேசினாள். வந்தவர்கள் அவளிடம்தான் துக்கம் கேட்டார்கள்.

“ரெண்டு வருசம் கல்லா இருந்த பய” என்றாள். “கடைசி ரெண்டு மாசம் ஞாயித்துக்கிழம தோறும் போன்ல பாடிக் காட்டுவான். ஒரு நிமிசத்துக்கு இம்புட்டு காசு ஆவுதுலே, பேச்சப் பேசும்பேன். கேக்க மாட்டான்.”

“நீ அனுப்புன மருந்துல்லா” என்றாள் ஜெபகனி. “ஊருக்கே தெரியும். அந்தக் கடைசிச் சிரிப்பாவது அக்கா குடுத்தது.”

ரீபா காப்பித் தட்டோடு நின்றாள். சொல்ல ஒரு வாக்கியம் இருந்தது. மூன்றே வார்த்தை. உங்க மருந்துதான் கொன்னுச்சு. அதைச் சொன்னால் அந்தப் பதிமூன்று வருஷமும் ஒரே நிமிஷத்தில் தலைகீழாகும். கெசியாவின் கையை யாரும் பிடிக்க மாட்டார்கள்.

அது அவளாகக் கட்டியதல்ல. செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது லேடி டாக்டர், அவன் சாப்பிடும் மருந்தை எல்லாம் எடுத்து வைக்கச் சொன்னாள். ரீபா கிளம்புகிற அவசரத்தில் அலமாரியில் இருந்ததை எல்லாம் ஒரு வயர் கூடையில் வாரிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மஞ்சள் பூப் பாட்டிலைத் திருப்பி வாசித்த டாக்டர் தலையைத் தூக்கினாள்.

“இது எத்தன நாளா?”

“மூணு மாசத்துக்கு மேல. அவிய அக்கா அனுப்புனது. பச்சிலதான்.”

“ரத்தம் உறைஞ்சு கட்டி மூளைக்குப் போயிருக்கு. போன வாரந்தான் ஒரு மருத்துவப் பத்திரிகைல படிச்சேன். இதச் சாப்பிட்டா அந்த ரத்த மாத்திரை உடம்புல நிக்காதுன்னு சந்தேகப்படுதாங்க. முழுசாத் தெரியல. உங்க டாக்டர் இதக் கேக்கலியாம்மா?”

ரீபா கூடையின் பிடியைப் பார்த்தாள். உள்ளேயிருந்து நர்ஸ் கூப்பிட்டதால் டாக்டர் ஓடினாள். அந்தக் கேள்விக்கு அவள் திரும்பி வரவில்லை. ஆறு மணிக்கு, ரீபா மாத்திரை கொடுக்கும் நேரத்தில், முடிந்துவிட்டது.

உங்க மருந்துதான் கொன்னுச்சு. சொல்லலாம். அதன் வாலில் இன்னொன்று கட்டியிருந்தது. டாக்டர் கேட்டார், நான் இல்லை என்றேன். இரண்டையும் தனித்தனியாக அறுத்துப் பார்த்தாள். அறுபடவில்லை. காப்பித் தட்டை அடுத்த ஆளிடம் நீட்டினாள்.

மூன்று மணிக்குக் குருவானவர் வந்து ஜெபம் செய்தார். சவப்பெட்டியில் மாற்றினார்கள். பாடகர் குழுவில் நாலு ஆண்கள் பாடினார்கள். மூடுவதற்கு முன் முகத்தில் துணி போட வேண்டும். கெசியா பையிலிருந்து ஓரத்தில் லேஸ் வைத்த வெள்ளைத் துணி ஒன்றை எடுத்தாள். அதுவும் அங்கிருந்து வந்ததுதான். ரீபா பெட்டியின் கால்மாட்டில் நின்றாள். போடட்டும் என்று நினைத்தாள். பிறப்பிலிருந்து பார்த்தவள், கண் முழிக்கும்போது பார்த்தவள், இதையும் பார்த்துக்கொள்ளட்டும்.

“ரீபா, இங்கன வா” என்றாள் கெசியா. “நீ போடு.”

“நீங்க போடுங்க மைனி.”

“நீதானடி அவனப் பாத்த. நான் கடுதாசிதான போட்டேன்.”

துணியை அவள் கையில் வைத்து அழுத்தினாள். ரீபா இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்த கோபம் நிற்க இடம் இல்லாமல் தடுமாறியது. அந்த நல்ல சொல்லுக்காக அவள் கெசியாவை இன்னும் கொஞ்சம் வெறுத்தாள். துணியைப் போட்டாள். லேஸ் மேலுதட்டில் சுருண்டது. சரிசெய்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் குழிக்குள் தண்ணீர் ஊறியிருந்தது. இரண்டு பேர் இறங்கி இறைத்தார்கள். மேற்கே மலை மழையில் தெரியவில்லை. எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். அது மண்ணாக விழவில்லை. சேறாக விழுந்தது.

ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்து கால் கழுவினார்கள். பந்தலில் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். பஸ்ஸுக்குப் போகிறவர்கள் போனார்கள். வீட்டுக்குள் கெசியா, ரீபா, அப்பாத்துரை, ஜெபகனி. ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் ஈரம் நீளமாகக் கிடந்தது. அதை மிதிக்காமல் நாலு பேரும் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏ கெசியா, ஒண்ணு கேப்பேன். இந்த நேரத்துல கேக்காளேன்னு நெனைக்கக் கூடாது.”

“கேளுங்க சித்தி.”

“ஒங்க சித்தப்பாவப் பாத்தல்லா? காலைல இருந்து ஒன்கிட்ட ஒரு வார்த்த பேசியிருப்பாரா? சின்னப் பிள்ளைல ஒன்னத் தோள்ல போட்டுத் திருவிழாவுக்குத் தூக்கிட்டுப் போன மனுசன். எபனேசருக்கு அனுப்புனியே, அது மிச்சம் இருந்தா இவருக்குக் குடுத்துப் பாப்பமா?”

அப்பாத்துரை தன்னைப் பற்றிய பேச்சு என்று தெரியாதவர்போல் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுக்கு என்ன சித்தி. மூணாவது பாட்டில்ல பாதியாவது இருக்கும். எங்கன இருக்கு ரீபா?”

ரீபாவின் கண் சுவருக்குப் போனது. வயர் கூடை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபடியே ஆணியில் தொங்கியது. கெசியா தானே எழுந்து போய் அதில் கைவிட்டு எடுத்தாள். குலுக்கிப் பார்த்தாள்.

“காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பாட்டோட. மூணு வாரம் பொறுக்கணும். ஒடனே தெரியாது. சித்தப்பா வேற என்ன மாத்திரை சாப்பிடுதாரு?”

“நம்ம எபனேசர் சாப்பிடுவானே, அதே ரத்த மாத்திரைதான்.”

கெசியா ஒரு கணம் யோசித்தாள். “அப்ப ஒண்ணுமில்ல. தம்பிக்கு மருந்து ஒண்ணும் செய்யலியே, வால்வுல்லா ஏமாத்திட்டு.”

பாட்டிலை அப்பாத்துரையின் கையில் வைத்தாள். அவர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“பூ நல்லாருக்கு” என்றார்.

ஜெபகனி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். “கேட்டியா? கேட்டியா நீ? பேசுதாரு.”

ரீபா எழுந்தாள். ஈரத்தை மிதித்துக்கொண்டு நேராக வந்தாள். அவர் கையிலிருந்து பாட்டிலை வாங்கினாள். அவர் விட்டுவிட்டார்.

“வேண்டாம் மாமா.”

“என்னது?” என்றாள் ஜெபகனி.

“மாமாவுக்கு இது வேண்டாம் அத்த.”

“ஏளா, அவன் எந்திரிச்சு வந்தா திங்கப் போறான்? நாத்தனா கையால யாருக்கும் ஒரு நல்லது நடந்தா ஒனக்கு ஆவாது. தெரியாதா எனக்கு? கல்யாணம் ஆன நாள்ல இருந்து பாக்கேன். மண்ணு போட்ட கை இன்னும் காயல. இன்னைக்குமா?”

அப்பாத்துரை வெறும் கையை விரித்தபடி வைத்திருந்தார். ரீபா பாட்டிலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். உள்ளே இருந்தவை சலசலத்தன.

“சும்மா இருங்க சித்தி” என்றாள் கெசியா. வீங்கிய காலை இழுத்துக்கொண்டு ரீபாவுக்கு நேரே வந்து நின்றாள். அவள் குரலில் கோபம் இல்லை.

“ஏன் ரீபா வேண்டாங்குத? அவனுக்கு மருந்து கேட்டுச்சுல்லா?”